இரண்டாவது தடவை கூப்பிடுவதற்குள்

எங்கள் பள்ளியில் கவுன்சிலருக்குத் தனி அறை இருக்கிறது என்று தலைமை ஆசிரியை ரம்லா டீச்சர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். காட்டுங்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும், சாயா குடிக்கிறீர்களா என்று பேச்சை மாற்றிவிடுவார். ஏனென்றால் அது அறையே இல்லை, வாசகசாலையின் ஒரு மூலை. இரண்டு இரும்பு அலமாரிகளைத் திருப்பி நிறுத்தி, நடுவில் இருக்கும் இடைவெளிக்குப் பூப்போட்ட திரை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் நான், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அந்தப் பக்கம் புத்தகங்கள், கோல்களி ஆட்டத்துக்கான குச்சிகள், திருவாதிரைக் களி நடனத்துக்கான புடவை மூட்டைகள், கிழிந்த செண்டை ஒன்று.

இதற்காக நான் போடாத சண்டை இல்லை. "வெளியே போகாதுன்னு சத்தியம் பண்ணித்தான் பிள்ளைங்கள பேச வைக்கிறேன் டீச்சர். அந்தப் பக்கம் ஒருத்தர் தும்மினா இந்தப் பக்கம் கேட்குது" என்றேன். "அடுத்த பி.டி.ஏ. கூட்டத்துல பேசலாம் பிரசீதா" என்றார். பேசினார்கள். சைக்கிள் நிறுத்துமிடத்துக்குத் தகரம் போடுவதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள்.

பிள்ளைகளுக்கு நான் கவுன்சிலிங் டீச்சர். கிண்டல் செய்கிற கூட்டத்துக்கு லூசு டீச்சர். என் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வருகிற எவனும் அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்குப் போவதற்குள் லூசு என்று பெயர் வாங்கிவிடுவான். ஆசிரியர்கள் அதற்கு மேல். தலைமுடியை ஒரு பக்கம் மட்டும் சிரைத்துக்கொண்டு வந்தவன், வகுப்பில் போனோடு பிடிபட்டவள், கேள்விக்குப் பதில் சொல்லாமல் முறைத்தவன், எல்லாரையும் என்னிடம் அனுப்புவார்கள். "கொஞ்சம் உபதேசம் பண்ணி அனுப்புங்க டீச்சர்" என்பார்கள். அடுத்த பீரியடில், ரிப்பேருக்குக் கொடுத்த மிக்சியைத் திரும்ப வாங்க வருகிற மாதிரி வந்து நிற்பார்கள்.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்ப இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?"

சும்மா உட்கார்ந்திருந்தோம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் பாதி நேரம் அதுதான் உண்மை. பதினான்கு வயதுப் பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்னால் நாம் எவ்வளவு நேரம் சும்மா இருப்போம் என்று அளந்து பார்க்கும். நான் நன்றாகச் சும்மா இருப்பேன். வீட்டில்தான் பொறுமை கிடையாது.

ஒன்பதாம் வகுப்பு அனுநந்தை யாரும் அனுப்பவில்லை. அவனாக வந்தான். அவன் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்திருந்தது. மதியச் சாப்பாட்டு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில், மிளகு சாகுபடியைப் பற்றிய தடிப் புத்தகம் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வாசகசாலைக்குள் நுழைவான். யாராவது பார்த்தால் புத்தகம் மாற்ற வந்தவன். யாரும் பார்க்காவிட்டால் திரைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்வான். முதல் மாதம் முழுக்க அர்ஜென்டினா ஏன் தோற்றது என்று எனக்கு விளக்கினான். எனக்குக் கால்பந்தில் ஒரு எழவும் தெரியாது. தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒருநாள், அதே குரலில், அதே வேகத்தில் சொன்னான்.

"அம்மா என்னை அபின்னு கூப்பிடறாங்க டீச்சர்."

அபி அவனுடைய ஏட்டன், அதாவது அண்ணன். அபிநந்த். இரண்டு வருஷம் முன்னால் நாதாபுரம் பக்கத்தில் பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்துபோனவன். அதற்குப் பிறகுதான் அம்மா இவனைக் கூட்டிக்கொண்டு இந்த ஊருக்கு, தன் பிறந்த வீட்டுக்கு வந்தார். அப்பா மஸ்கட்டில். இங்கே வந்தபின் ஒருநாள் அடுக்களையில் இருந்து, "அபியே, தேங்கா துருவித் தா" என்று அம்மா கூப்பிட்டிருக்கிறார். வாய் தவறி வந்திருக்கும் என்று இவன் போய்த் துருவிக் கொடுத்தான். மறுநாளும் அதே பெயர். பிறகு அதுவே பழகிவிட்டது.

"நீ திருத்தலையா?" என்று கேட்டேன்.

"ஒரு தடவை சும்மா இருந்து பார்த்தேன். அம்மா ரெண்டாவது தடவை கூப்பிட்டாங்க. அப்புறம் சத்தமே இல்ல. போய்ப் பார்த்தா கதவைப் பிடிச்சுட்டு நின்னுட்டு இருந்தாங்க. அதான் இப்பல்லாம் ரெண்டாவது தடவை கூப்பிடறதுக்குள்ள ஓடிடுவேன். லேட்டா போனா அம்மாவுக்கு ஞாபகம் வந்துடும்."

மிளகுப் புத்தகத்தைத் திருப்பி வைத்துவிட்டு, "எங்க வீட்டுல ஏட்டன் சாகல டீச்சர். நான்தான் இல்ல" என்றான்.

இந்த வேலைக்கு வந்து இத்தனை வருஷத்தில் நான் கேட்காதது இல்லை. அன்று மட்டும் குடிக்க எடுத்த தண்ணீரைக் குடிக்காமலே மூடி வைத்தேன்.

அடுத்த வாரம் மெதுவாக நேராகவே கேட்டேன். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று. பிள்ளைகளிடம் இதைக் கேட்கக் கூடாது, கேட்டால் நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் சத்தியம் செய்வார்கள். சுத்தத் தப்பு. கேட்டால்தான் அவர்களுக்கு மூச்சு வரும். அனு ஜன்னலைப் பார்த்தபடி, "ஆத்துப் பக்கம் போனா கொஞ்ச நேரம் நிம்மதியா இருக்கும்னு தோணும்" என்றான். இதை நான் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது, யாரிடம் சொன்னாலும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்தேன். அவன் சம்மதித்த பிறகு, அவன் எதிரிலேயே மஸ்கட்டுக்குப் போன் போட்டேன். அப்பா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, அடுத்த மாதம் லீவு போட்டு வருகிறேன் என்றார். அதுவரை அம்மாவின் தம்பி, ரெஜி மாமா, ராத்திரி அந்த வீட்டில் வந்து படுக்கிறார். அப்பா வந்ததும் அம்மாவை வடகரை ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கூட்டிப்போவதாகப் பேச்சு. எல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி நடந்தது. அனு தூங்க ஆரம்பித்திருந்தான். செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் வந்தான்.

அப்போதுதான் கலைவிழா வந்து தொலைத்தது.

எங்கள் மலையாள நாட்டில் பரீட்சையைக்கூடத் தள்ளிவைப்பார்கள், பள்ளிக் கலைவிழாவைத் தள்ளிவைக்க மாட்டார்கள். அந்த மாதம் கணக்கு வகுப்பு நடக்காது, கோல்களி நடக்கும். எங்கள் பள்ளிக்கு என்று ஒரு பெருமை இருக்கிறது. மோனோ ஆக்ட். ஒரே பிள்ளை மேடையில் நின்று, அம்மாவாகவும் மகனாகவும் போலீசாகவும் நாயாகவும் மாறி மாறி நடிக்க வேண்டும். உபஜில்லாவில், அதாவது எங்கள் கல்வி வட்டாரத்தில், மோனோ ஆக்டில் எங்களை அசைக்க ஆள் கிடையாது. காரணம் மலையாள ஆசிரியர் பவித்ரன் மாஷ். ஒவ்வொரு வருஷமும் புதிதாக அவரே எழுதுவார். ஒவ்வொரு வருஷமும் கடைசியில் யாராவது சாவார்கள். போன வருஷம் கடன்பட்ட விவசாயி. அதற்கு முன்னால் யானைப் பாகன். அதற்கும் முன்னால் யானை. அவர் எழுதியதில் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. ஜட்ஜுகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏ கிரேடு போடுவார்கள்.

இந்த முறை நடிக்கிறவள் பத்தாம் வகுப்பு மின்ஹா. கெட்டிக்காரப் பெண். ஒருநாள் சாயங்காலம் ஹாலில் ஒத்திகை, எல்லாரும் வந்து பாருங்கள் என்று அழைத்தார்கள். நான் பின்னால் நின்றுகொண்டு வாழைப்பழப் பஜ்ஜி, எங்கள் பழம்பொரி, தின்றுகொண்டிருந்தேன். மின்ஹா தாவணித் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டு அம்மா ஆனாள். அடுக்களையில் இருந்து கூப்பிடுகிற மாதிரி கையை வாயருகே வைத்துக்கொண்டு ஒரு பெயரைக் கூப்பிட்டாள். பிறகு தலைப்பை எடுத்துவிட்டுப் பையன் ஆனாள். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ரெண்டாவது தடவை கூப்பிடறதுக்குள்ள ஓடிடணும். லேட்டா போனா அம்மாவுக்கு ஞாபகம் வந்துடும்."

என் கையில் இருந்த பழம்பொரி கீழே விழுந்தது. பெயர்கள் வேறு, ஊர் வேறு, ஏட்டன் இறந்தது காய்ச்சலில். ஆனால் வார்த்தைகள் அனுவுடையவை. ஒன்றுகூட மாறவில்லை. கடைசியில் அந்தப் பையன் தன் சட்டையை மடித்துக் கரையில் வைத்துவிட்டு ஆற்றில் இறங்கினான். ரம்லா டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஹிந்தி டீச்சர் விசும்பினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

பவித்ரன் மாஷை ஹாலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி அருகில் பிடித்தேன். சந்தோஷத்தில் மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மாஷே, இந்தக் கதை எங்கேருந்து கிடைச்சது?"

"எப்படி இருக்கு? ரம்லா டீச்சர் அழுதத பார்த்தீங்கள்ல?"

"எங்கேருந்து கிடைச்சதுன்னு கேட்டேன்."

அவருக்குப் பொய் சொல்ல வராது. அதில் மட்டும் நான் அவரை மதிக்கிறேன்.

"சாப்பிட்டுட்டு வாசகசாலையில கொஞ்சம் சாய்வேன் டீச்சரே. புடவை மூட்டைக்குப் பின்னாடி. யாரும் வந்து தொந்தரவு பண்ண மாட்டாங்க. அன்னைக்கு உங்க பக்கம் பேச்சுக் கேட்டது. யாருன்னு தெரியாது, நான் எட்டிப் பார்க்கவும் இல்ல. காதுல விழுந்தா என்ன பண்றது? காதுக்குக் கதவா இருக்கு?"

"காதுக்குக் கதவு இல்ல, சரி. எழுதின கைக்கு?"

"ரெண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்ல டீச்சரே. என் பிள்ளைங்க மேல சத்தியம். அந்தப் பையனுக்காக அழுதுட்டேதான் எழுதினேன். நாலு அம்மாமாருங்க கேட்டுத் திருந்தட்டும்னு..."

"அழுதீங்க. அவனைக் கேட்டீங்களா?"

"யாருன்னே தெரியாதுங்கறேன். யாரு அது? எந்த கிளாஸ்?"

"அதைத்தான் சொல்ல மாட்டேன்னு இவ்வளவு நேரமா கத்திட்டு இருக்கேன். சரி, முழுசா நிறுத்த வேண்டாம். அந்த ஆத்து முடிவையாவது எடுத்துடுங்க. அதை எங்கே கேட்டீங்க?"

"அது கேட்டது இல்ல, என் சொந்தக் கற்பனை" என்றார், பெருமையாகவே. "பக்கத்துல ஆறு இருக்கேன்னு வச்சேன். சாவு இல்லாத மோனோ ஆக்டுக்கு எந்த ஜட்ஜ் ஏ கிரேடு போடுவாரு, நீங்களே சொல்லுங்க."

எனக்கு அவரை அந்தத் தொட்டிக்குள் தள்ளிவிடலாம் போல் இருந்தது. அவர் கேட்காத பாதியை அவரே கற்பனை செய்து எழுதியிருக்கிறார். அனு பாடுபட்டு விலகி வந்த இடத்துக்கு மின்ஹா மேடையில் போய் நிற்கிறாள், ஊரே கை தட்டுகிறது. அந்தக் கைதட்டலை அனு கேட்டுவிட்டால்?

ரம்லா டீச்சரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. ஆயிரம் பிள்ளைகளையும் நாற்பது ஆசிரியர்களையும் கட்டி மேய்க்கிறவர்.

"இந்த ஐட்டத்தை நிறுத்தணும் டீச்சர்."

"காரணம் சொல்லு."

"சொல்ல முடியாது."

"விழாவுக்கு ரெண்டு வாரம்கூட இல்ல. சும்மா நிறுத்துன்னா மின்ஹாவோட வாப்பா வந்து என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாரு. என்ன விஷயம்? உன்கிட்ட வர்ற பிள்ளையா? நான் ஹெட்மிஸ்ட்ரஸ். என்கிட்டயுமா சொல்லக் கூடாது?"

"உங்ககிட்டயும்தான் டீச்சர்."

"அப்ப நான் என்ன செய்யறது, நீயே சொல்லு."

எனக்கும் தெரியவில்லை. வாயைத் திறந்து நிறுத்தினால், இது என் மேஜையில் இருந்து போன கதை என்று ஆகிவிடும். அப்படி ஆனதும், இந்த ஊருக்குப் புதிதாக வந்து சேர்ந்தவன் யார், ஏட்டனைப் பறிகொடுத்தவன் யார் என்று ஸ்டாஃப் ரூம் ஒரு சாயா குடித்து முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடும். திறக்காவிட்டால், அவன் வார்த்தைகளை மைக் வைத்து ஊருக்குக் கேட்கச் செய்வார்கள். அவனைக் காப்பாற்றப் பேசினாலும் அவனைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். அன்று வீட்டுக்குப் போய் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். கணவர் காரணம் கேட்டார். அவரிடமும் சொல்ல முடியாதே.

என் கையில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவனுக்குக் கொடுத்த வாக்குப்படி, அவனிடம் முதலில் சொல்வது.

வெள்ளிக்கிழமை மிளகுப் புத்தகத்தோடு வந்தான். இந்தத் தடவை அந்தப் பக்கம் போய்ப் புடவை மூட்டைக்குப் பின்னாலும் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

"அனு, ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டுக் கோபம் வந்தா கோபப்படு. எனக்கும் வந்தது."

சொன்னேன். சுற்றி வளைக்காமல், எதையும் விடாமல். அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. புத்தகத்தின் முனையை மட்டும் கட்டைவிரலால் மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்க சொன்னீங்களா?"

"இல்ல. ஆனா என் இடத்துலேருந்துதான் போச்சு. அதுக்கு நான் மன்னிப்புக் கேட்கணும்."

"மாஷுக்கு நான்னு தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லப் போறதும் இல்ல. நீ வேண்டாம்னா, என்ன பாடுபட்டாவது அதை நிறுத்திடறேன்."

"கடைசியில என்ன ஆகுது?"

இதை மறைக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். மறைத்தால் மேடையில் பார்த்துத் தெரிந்துகொள்வான். "அந்தப் பையன் ஆத்துக்குப் போயிடறான். அது மாஷ் அவரா எழுதினது. நீ சொன்னதை அவர் கேட்கல."

அவன் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. நான் பெரிய ஆள் இல்லை என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்த மாதிரி இருந்தது. எழுந்து போனான். "அனு" என்று கூப்பிட்டேன். இரண்டாவது தடவையும் கூப்பிட்டேன். நிற்கவில்லை.

வராந்தாவில் ஓடிப்போய் எதிரில் நின்றேன். பிள்ளைகள் பார்த்தால் பார்க்கட்டும். "இன்னைக்கு உன்னை எதாவது பண்ணிக்கத் தோணுதா?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். ஒண்ணும் பண்ண மாட்டேன். விடுங்க."

விட்டேன். ஆனால் அவனிடம் சொல்லிவிட்டே ரெஜி மாமாவுக்குப் போன் போட்டு, இன்றைக்கு அவன் பக்கத்திலேயே படுக்கச் சொன்னேன். என்ன ஏது என்று மாமா துருவவில்லை. "எழுந்திரிச்சா நானும் எழுந்திரிப்பேன் டீச்சர்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்குக் கோயில் கட்டலாம்.

செவ்வாய்க்கிழமை அவன் வரவில்லை. எதிர் நாற்காலி காலியாக இருந்தது. சாப்பாட்டு மணி முடிந்து, அடுத்த மணியும் அடித்தது. பள்ளிக்கு வந்திருக்கிறான், வகுப்பில் இருக்கிறான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மைதானத்தில் ஒரு தடவை என்னைப் பார்த்ததும் குழாயடிப் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு வலித்தது. இந்த வேலையில் நாம் சம்பாதிப்பது ஒரு பிள்ளையின் பேச்சு மட்டும்தான். அதையும் அலமாரி வழியாக ஒழுகவிட்டுவிட்டு, கலைவிழா மேடைக்கமிட்டியில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள், பலூன் ஊதுவதற்கு.

புதன்கிழமையும் வரவில்லை. ரம்லா டீச்சரிடம் போய் ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லி அந்த ஐட்டத்தை நிறுத்திவிடுவது, வேலை போனால் போகட்டும் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். என்ன பொய் என்றுதான் தெரியவில்லை.

வியாழன் மதியம் திரை விலகியது.

அனு உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினான்.

"நேத்தும் முந்தாநாளும் ஹால் ஜன்னல்ல நின்னு பார்த்தேன்."

"ஒத்திகையையா?"

"ம். எட்டாம் கிளாஸ் பசங்க ஒரு கூட்டம் பார்த்துட்டு இருந்தாங்க. அவனுங்களோட நின்னுட்டேன்." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "சிரிப்பாங்கன்னு நினைச்சேன் டீச்சர். அம்மா பேரை மாத்திக் கூப்பிடற இடத்துல எல்லாரும் சிரிப்பாங்கன்னு. யாரும் சிரிக்கல. ஒருத்தன் மூக்கை உறிஞ்சினான்."

சும்மா இருப்பது எனக்குத் தெரிந்த ஒரே வித்தை.

"மின்ஹா சேச்சி அம்மாவா நல்லா பண்றாங்க. எங்க அம்மா அப்படித்தான் கூப்பிடுவாங்க, முதல்ல மெதுவா. பையன் குரல்தான் சரியில்ல, தொண்டை கட்டின மாதிரி இருக்கு. அண்ணன் தம்பிய அக்கா தங்கச்சின்னு மாத்தச் சொல்லுங்க. அவங்களுக்கும் சுலபம். அப்ப யாரும் என்னையும் நினைக்க மாட்டாங்க."

இத்தனை நாள் நான் மண்டையை உடைத்துக்கொண்டும் தோன்றாத வழி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"அப்ப நடத்தலாமா? உனக்குப் பரவாயில்லையா? அம்மா காதுக்குப் போனா?"

"அம்மா வெளிய எங்கே வர்றாங்க? அப்பா வந்ததும் நானே சொல்லிக்கறேன்." அவன் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பூவின் மேல் விரலை வைத்துத் தேய்த்தான். "டீச்சர், அந்தப் பையன் கடைசியில சாகணுமா?"

"வேண்டாம்" என்றேன். இவ்வளவு சத்தமாக வரும் என்று நினைக்கவில்லை.

"அப்ப ஏன் சாகறான்?"

"ஏ கிரேடுக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது? உண்மை அதுதான்.

அவன் அதை யோசித்துப் பார்த்தான். "மாஷ் எங்கே இருப்பாரு?"

"நான் போய்ச் சொல்றேன். உன் பேர் வராது."

"நீங்க போன வாரம் சொன்னீங்க. கேட்டாரா?"

கேட்கவில்லைதான். நான் அவன் பின்னால் நடந்தேன். ஹால் வாசலில் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, "நீ யாருன்னு சொல்லணும்னு கட்டாயம் இல்ல. சொன்னா திரும்ப எடுத்துக்க முடியாது" என்றேன். தலையை ஆட்டினான். நான் வாசலோடு நின்றுகொண்டேன்.

மின்ஹா மேடையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து, "மின்ஹா சேச்சி, கொஞ்சம் வெளியே இருக்கீங்களா? மாஷ்கிட்ட தனியா பேசணும்" என்றான். பாட்டிலோடு அவள் என்னைக் கடந்து போனாள். போகிற போக்கில் என்னிடம் கண்ணால் என்னவென்று கேட்டாள்.

பவித்ரன் மாஷ் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"என்னடா?"

"மாஷே, கடைசி சரியில்ல."

"ஓஹோ. எந்த கிளாஸ் நீ?"

"ஒன்பது பி."

"ஒன்பது பி. இருபது வருஷமா எழுதறேன், இந்த ஒன்பது பி வந்து கடைசி சரியில்லங்கறான். நீ எத்தனை மோனோ ஆக்ட் எழுதியிருக்கே?"

"ஒண்ணும் எழுதல."

"நடிச்சிருக்கியா?"

"இல்ல."

"அப்புறம் எப்படிடா உனக்குத் தெரியும்?"

அனு தலை குனியவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். மாஷ் விரலிடுக்கில் பொடியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனவர், அங்கேயே நின்றார். அவர் பார்வை அவனைத் தாண்டி வாசலில் நின்ற என்னிடம் வந்தது, மறுபடி அவனிடம் போனது. பொடி சட்டையெல்லாம் கொட்டியது. நான் அவரை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, திட்ட ஒன்றும் மிச்சம் இல்லை என்று தோன்றியது.

அவர் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"உட்காரு மோனே."

அனு உட்கார்ந்தான். வெளியே கோல்களிக் குச்சிகள் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மாஷ் எழுதிவைத்திருந்த காகிதத்தின் கடைசிப் பக்கத்தைக் குறுக்கே அடித்தார். மூன்று தடவை அடித்தார். காகிதம் கிழிந்தது.

"தப்புதான்டா. எடுத்துட்டேன், போதுமா?" புதுத் தாள் ஒன்றை எடுத்தார். "நீயே சொல்லு. கடைசியில என்ன ஆகுது? நீ சொல்றத அப்படியே எழுதிக்கறேன்."

அனு அவரைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தான். இவ்வளவு படித்த மனிதர் இதைப் போய்க் கேட்கிறாரே என்கிற மாதிரி.

"எனக்கு எப்படி மாஷே தெரியும்? இன்னும் முடியலயே."